பிராங்க் ராபின்சன்: 1,065 வெற்றி, 1,176 தோல்வி என்ற கணக்கை எப்படிப் படிப்பது?

இளவேனில் (இழையைத் தொடங்கியவர்)

பிராங்க் ராபின்சனைப் பற்றிய கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன. ஆட்டக்காரராக அவர் செய்தவற்றுக்கு முக்கால் பங்கு இடம் ஒதுக்குகிறார்கள். 1975-இல் அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலின் முதல் கறுப்பின மேலாளராக அவர் களமிறங்கியதற்கு ஒரு பத்தி கிடைக்கிறது. மேலாளராக 16 பருவங்கள் உழைத்ததற்குக் கடைசியில் ஒரு வரி. அந்த வரியும் 1,065 வெற்றி, 1,176 தோல்வி என்ற எண்களைச் சொல்லி, ஆட்டக்காரராகப் பெரியவர், மேலாளராகச் சுமாரானவர் என்ற தீர்ப்போடு முடிந்துவிடுகிறது. இந்தத் தீர்ப்பு நியாயமற்றது என்பதே என் உறுதியான எண்ணம். அதை விரிவாகப் பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அவரை அறியாதவர்களுக்காக முதலில் வாழ்க்கையைச் சொல்லிவிடுகிறேன். 1935 ஆகஸ்டு 31 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் போமான்ட் நகரில் பிறந்தார். வளர்ந்தது கலிபோர்னியாவின் ஓக்லாந்தில். அங்கே மெக்லைமண்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியின் கூடைப்பந்து அணியில் அவருடன் ஆடியவர், பின்னாளில் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் தூணாக விளங்கிய பில் ரசல். அதே பள்ளியிலிருந்து வேடா பின்சன், கர்ட் பிளட் ஆகிய இருவரும் மேஜர் லீக் பேஸ்பாலுக்குச் சென்றார்கள். 1953-இல் சின்சினாட்டி ரெட்ஸ் நிறுவனம் ராபின்சனை ஒப்பந்தம் செய்து யூட்டா மாநிலத்தின் ஆக்டனில் இருந்த தன் கீழ்நிலை அணிக்கு அனுப்பியது. படம் பார்க்கப் போன 17 வயதுப் பையனிடம், கறுப்பர்களுக்கு நுழைவுச் சீட்டு தருவதில்லை என்று அந்த ஊர்த் திரையரங்கில் சொன்னார்கள். அடுத்து அனுப்பப்பட்ட தென் கரோலினாவின் கொலம்பியாவில் நிலைமை இன்னும் மோசம்; பார்வையாளர் பகுதியிலிருந்து வந்த வசைகளைக் கேட்டுக்கொண்டேதான் அவர் மட்டை பிடித்தார்.

1956-இல் சின்சினாட்டியின் முதன்மை அணியில் இடம்பெற்ற முதல் பருவத்திலேயே 38 ஹோம் ரன்கள் (பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பும் அடிகள்) அடித்து, அறிமுக ஆட்டக்காரர்களுக்கான அன்றைய சாதனையைச் சமன் செய்தார். சிறந்த புதுமுக விருது ஒருமனதாக அவருக்குக் கிடைத்தது. பந்து கடந்து செல்லும் தட்டின் மேல் உடல் கவிந்துவிடும் அளவுக்கு நெருங்கி நிற்பது அவர் வழக்கம். பந்து வீசும் பிட்சர்கள் அவரைப் பின்னுக்குத் தள்ள உடம்பை நோக்கியே வீசினார்கள். வாழ்நாளில் 198 முறை பந்தால் அடிபட்டார். ஒருமுறைகூடப் பின்வாங்கி நின்றதில்லை. 1960 ஆகஸ்டில் மில்வாக்கி அணியுடன் ஒரே நாளில் நடந்த இரண்டு ஆட்டங்களில் முதலாவதில், ரன் எடுக்கச் சுற்றிவர வேண்டிய தளங்களில் மூன்றாவதில் சறுக்கிப் பாய்ந்ததால், எதிரணியின் எடி மேத்யூஸுடன் கைகலப்பு மூண்டு, ஒரு கண் வீங்கிப்போனது. அந்தக் கண்ணோடு இரண்டாவது ஆட்டத்தில் இறங்கி ஹோம் ரன் அடித்தார், மேத்யூஸ் அடித்த பந்தையும் பிடித்தார், அணியும் வென்றது. பின்னாளில் மேலாளராக அவர் வீரர்களிடம் எதிர்பார்த்தது என்ன என்று புரிய வேண்டுமானால் இந்த ஒரு நாளைத் தெரிந்துகொண்டால் போதும்.

1961-இல், மேஜர் லீக்கின் இரு பாதிகளில் ஒன்றான நேஷனல் லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது பெற்றார். 1965 டிசம்பரில் அணி உரிமையாளர் பில் டிவிட், முப்பது வயதுக்கு இவர் இளமையானவர் அல்லர் என்ற பொருள்படப் பேசி, மூன்று ஆட்டக்காரர்களைப் பெற்றுக்கொண்டு அவரை பால்டிமோர் ஓரியோல்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த ஆண்டே ராபின்சன் 0.316 சராசரி, 49 ஹோம் ரன்கள், தன் அடிகளால் அணிக்கு வந்த 122 ரன்கள் என்று, மற்றொரு பாதியான அமெரிக்கன் லீக்கில் மூன்று பட்டியல்களிலும் முதலிடம் பிடித்தார். இரு லீக்குகளின் வாகையர்கள் மோதும் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸில் ஓரியோல்ஸ் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸை நான்கு ஆட்டங்களிலும் வீழ்த்தியது. நான்காவது ஆட்டம் 1-0 என்று முடிந்தது. அந்த ஒரே ரன் டான் டிரைஸ்டேல் வீசிய பந்தில் ராபின்சன் அடித்த ஹோம் ரன். இரண்டு லீக்குகளிலும் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது பெற்றவர் என்ற சிறப்பு, 2024-இல் ஷோஹெய் ஒடானி பெறும்வரை அவருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 586 ஹோம் ரன்களோடு ஓய்வு பெற்றபோது ஆரன், ரூத், மேஸ் ஆகிய மூவர் மட்டுமே அவருக்கு மேலே இருந்தார்கள்.

இனி மேலாளர் கணக்குக்கு வருகிறேன். வெற்றிகளைவிடத் தோல்விகள் 111 கூடுதல். பருவவாரியாகப் பிரித்துப் பார்த்தால், 1988-இல் பால்டிமோரில் அவர் பொறுப்பில் நடந்த ஆட்டங்களில் 54 வெற்றி, 101 தோல்வி. 2004-இல் மான்ட்ரியலில் 67 வெற்றி, 95 தோல்வி. இந்த இரண்டு பருவங்களே 111-இல் 75-ஐக் கொடுத்துவிடுகின்றன. எஞ்சிய 36, மீதமுள்ள 14 பருவங்களுக்கும் சேர்த்து. ஆகவே, அந்த இரண்டு ஆண்டுகளிலும் எத்தகைய அணிகள் அவர் கையில் இருந்தன என்று பார்க்காமல் அவரைச் சுமாரான மேலாளர் என்று சொல்லிவிட முடியாது.

எண்ணும் எழுத்தும்

இளவேனில் அவர்களின் கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்த முறையில் எனக்கு உடன்பாடில்லை. எந்த மேலாளரின் ஏட்டிலிருந்தும் மிக மோசமான இரண்டு ஆண்டுகளைக் கழித்துவிட்டால் மீதி நன்றாகத்தான் தெரியும். 16 பருவங்களில் ஒருமுறைகூட அவருடைய அணி லீக்குக்குள் தன் பிரிவில் முதலிடம் பெற்று முடிக்கவில்லை. வேர்ல்ட் சீரிஸ் இருக்கட்டும், அதற்கு முந்தைய கட்ட ஆட்டங்களைக்கூட அவர் மேலாளராகக் கண்டதில்லை. ஆட்டக்காரராக இருந்தபோது அவருக்கு மேலாளராக இருந்த ஏர்ல் வீவருக்கும் அவருக்கும் உள்ள இடைவெளியை அணிகளின் தரம் மட்டும் விளக்கிவிடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேதைகளான ஆட்டக்காரர்கள் மேலாளர் ஆகும்போது வரும் ஒரு குறை ராபின்சனிடமும் இருந்தது என்றே நினைக்கிறேன். வீங்கிய கண்ணோடு ஆடி வென்றவருக்கு, அப்படி ஆட முடியாதவனின் மனம் எளிதில் புரியாது. கிளீவ்லாண்டில் நடந்த மோதல்களை நீங்கள் முதல் பதிவில் தொடவே இல்லை. அவற்றையும் பேசினால்தான் விவாதம் முழுமை பெறும்.

கரிசல்

இருவருக்கும் நன்றி. கிரிக்கெட் மட்டுமே தெரிந்தவர்கள் சார்பில் இரண்டு கேள்விகள். பேஸ்பாலில் மேலாளர் என்பவர் ஆட்டம் நடக்கும்போது உண்மையில் என்ன செய்கிறார்? 1975-இல் ராபின்சன் ஆட்டக்காரராகவும் மேலாளராகவும் ஒரே நேரத்தில் இருந்தார் என்கிறார்களே, அது எப்படி இயன்றது?

இளவேனில்

கரிசல் அவர்களுக்கு: கிரிக்கெட்டில் களத்துக்குள் அணித்தலைவர் எடுக்கும் முடிவுகளையும், வெளியே பயிற்சியாளர் எடுக்கும் முடிவுகளையும் ஒருவரிடமே ஒப்படைத்தால் எப்படியோ அப்படித்தான் பேஸ்பால் மேலாளர். யார் எந்த வரிசையில் மட்டை பிடிப்பது, களைத்த பிட்சரை எந்தக் கணத்தில் மாற்றுவது, தளத்தில் நிற்பவர் எப்போது ஓட வேண்டும், நடுவரின் தீர்ப்பை எப்போது எதிர்ப்பது என எல்லாம் அவர் பொறுப்பு. மாற்றப்பட்ட ஆட்டக்காரர் அன்றைய ஆட்டத்துக்குத் திரும்பி வர முடியாது என்பதால், அவசரப்பட்டு எடுத்த முடிவைத் திருத்திக்கொள்ள வழியே இல்லை. ஆறு மாதங்களில் 162 ஆட்டங்கள். வீரர்களின் மனநிலையைக் கட்டிக்காப்பது இவை எல்லாவற்றையும்விடக் கடினம்.

ஒரே நேரத்தில் இரு பணிகளையும் அவர் செய்ய முடிந்ததற்கு அமெரிக்கன் லீக் 1973-இல் கொண்டுவந்த விதி உதவியது. பிட்சருக்குப் பதிலாக மட்டை பிடிப்பதற்கென்றே ஓர் ஆட்டக்காரரை அந்த விதி அனுமதித்தது. அவர் பந்து தடுக்கக் களமிறங்க வேண்டியதில்லை. ராபின்சனுக்கு அப்போது 39 வயது. தன் முறை வரும்போது மட்டை பிடிப்பார். மற்ற நேரம் டக்அவுட்டில் இருந்து அணியை நடத்துவார்.

இந்தப் பதவி அவருக்குத் திடீரென்று கிடைத்ததன்று என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1968-69 குளிர்காலத்திலேயே போர்ட்டோ ரிக்கோவின் சான்டுர்சே அணிக்கு அவர் மேலாளரானார். வீவர்தான் அவரைப் பரிந்துரைத்தார். கோடையில் ஓரியோல்ஸின் நட்சத்திரமாக ஆடி முடித்துவிட்டு, மற்றவர்கள் ஓய்வெடுக்கும் மாதங்களில் தீவுக்குச் சென்று மேலாளர் வேலையைக் கற்றுக்கொண்டார். பல குளிர்காலங்கள் இப்படிக் கழிந்தன. மேஜர் லீக் மேலாளர் ஆவதற்கு முன் இவ்வளவு பாடுபட்ட நட்சத்திரங்கள் அக்காலத்தில் மிகச் சிலரே.

ஆனாலும் அழைப்பு வரவில்லை. 1972 அக்டோபர் 15 அன்று, வேர்ல்ட் சீரிஸின் இரண்டாவது ஆட்டத்துக்கு முன் சின்சினாட்டியில் ஜாக்கி ராபின்சனுக்கு மரியாதை செய்தார்கள். மேஜர் லீக்கில் கறுப்பர்களுக்கு இருந்த நிறத்தடையை அவர் உடைத்து 25 ஆண்டுகள் நிறைவுற்றதற்கான விழா அது. மூன்றாம் தளத்தின் ஓரம் நின்று அணியை நடத்தும் ஒரு கறுப்பு முகத்தைக் காணும் நாளில் தன் மகிழ்ச்சி இன்னும் பெரிதாகும் என்று ஜாக்கி அங்கே பேசினார். ஒன்பது நாட்களில் அவர் இறந்துவிட்டார். பிராங்க் ராபின்சனின் நியமனத்தை கிளீவ்லாண்ட் அறிவித்தது 1974 அக்டோபர் 3 அன்று. இருவரும் உறவினர்கள் அல்லர். பெயர் மட்டுமே ஒன்று.

1975 ஏப்ரல் 8 அன்று கிளீவ்லாண்ட் முனிசிபல் ஸ்டேடியத்தில் நியூயார்க் யாங்கீஸுக்கு எதிராக முதல் ஆட்டம். ஜாக்கியின் மனைவி ரேச்சல் ராபின்சன் சடங்குப் பந்தை எறிந்து தொடங்கிவைத்தார். மேலாளர் தன் பெயரை வரிசையில் இரண்டாவதாக எழுதியிருந்தார்; முதல் முறை மட்டை பிடித்தபோதே டாக் மெடிச்சின் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பினார். அணி 5-3 என்று வென்றது.

எண்ணும் எழுத்தும் குறிப்பிட்ட மோதலைத் தவிர்க்கும் எண்ணம் எனக்கில்லை. அன்று முழு ஆட்டத்தையும் வீசி வெற்றி தேடித் தந்த பிட்சர் கேலார்ட் பெர்ரிக்கும் ராபின்சனுக்கும் ஒத்துப்போகவில்லை. ராபின்சனைவிட ஒரு டாலராவது கூடுதலாகச் சம்பளம் வேண்டும் என்று பெர்ரி முந்தைய பருவத்தின் இறுதியிலேயே பத்திரிகைகளில் பேசியிருந்தார். பயிற்சியில் எல்லா பிட்சர்களும் ஒரே அளவு ஓட வேண்டும் என்ற விதியையும் அவர் ஏற்கவில்லை. ஜூன் மாதமே பெர்ரி டெக்சாஸ் அணிக்கு மாற்றப்பட்டார். இதை மேலாளரின் தோல்வி என்று படிப்பவர்கள் உண்டு. என் பார்வை வேறு. அந்த அணியின் முந்தைய ஆறு பருவங்களிலும் தோல்விகளே மிகுதி. அவர் வந்த முதல் பருவத்தில் 79-80 (79 வெற்றி, 80 தோல்வி), இரண்டாவதில் 81-78. 1968-க்குப் பிறகு கிளீவ்லாண்ட் தோல்விகளைவிட மிகுதியாக வென்ற முதல் பருவம் 1976. 20 வயது டென்னிஸ் எக்கர்ஸ்லியை 1975-இல் முதன்மை அணியில் நிலைநிறுத்தியவரும் ராபின்சன்தான். அந்த இளைஞர் பின்னாளில் புகழரங்கத்தை எட்டினார். இவ்வளவுக்கும் பிறகு, 1977 ஜூன் 19 அன்று, 26-31 என்ற நிலையில் அவரை நீக்கிவிட்டார்கள்.

பால்டிமோர்த் தமிழன்

நான் வசிக்கும் ஊரில் ராபின்சனுக்கு கேம்டன் யார்ட்ஸ் அரங்கில் சிலை இருக்கிறது. சின்சினாட்டியிலும் கிளீவ்லாண்டிலும்கூட அவருக்குச் சிலைகள் உண்டு. மூன்று அணிகள் அவருடைய 20 என்ற எண்ணை வேறு எவருக்கும் தருவதில்லை என்று முடிவு செய்திருக்கின்றன. ஆனால் 1966-இல் அவர் குடும்பத்தோடு இங்கே வந்தபோது, நகரின் பெரிய நட்சத்திரமாகப் போகிற அவருக்கு நல்ல பகுதியில் வாடகை வீடு கிடைக்கவில்லை. அவர் மனைவி பார்பரா வீடு தேடி அலைந்து, கறுப்பினத்தவர் என்று தெரிந்ததும் மறுக்கப்பட்டார். அதே நகரம் 1988-இல் தன் அணி மூழ்கிக்கொண்டிருந்தபோது அவரைத்தான் கூப்பிட்டது. அந்த ஆண்டை நான் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். இளவேனில் சொன்ன 101 தோல்விகள் இங்கேதான் குவிந்தன.

அந்தப் பருவத்தின் முதல் ஆறு ஆட்டங்களிலும் ஓரியோல்ஸ் தோற்றது. மேலாளர் கால் ரிப்கென் சீனியரை உடனே நீக்கினார்கள். அணியில் அவருடைய இரண்டு மகன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கால் ரிப்கென் ஜூனியர், ஓரியோல்ஸின் அடையாளமாகவே ஆனவர். தந்தை நீக்கப்பட்ட அறையில், அவருடைய இருக்கைக்கு வந்து அமர வேண்டியவர் ராபின்சன். அப்போது அவர் அணி நிர்வாகத்தில் அலுவலகப் பொறுப்பில் இருந்தார்; ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்துத் தயார் செய்ய ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. தோல்வி நிற்கவில்லை. பத்து, பதினைந்து, இருபது என்று போனது. நாடெங்கும் தொலைக்காட்சி நிருபர்கள் இந்த அணியின் பின்னாலேயே சுற்றினார்கள். அதிபர் ரீகன் ராபின்சனைத் தொலைபேசியில் அழைத்து ஆறுதல் சொன்னார். தொடர்ச்சியாக 21 தோல்விகளுக்குப் பிறகு, ஏப்ரல் 29 அன்று சிகாகோவில் ஒயிட் சாக்ஸுக்கு எதிராக 9-0 என்று முதல் வெற்றி வந்தது. பருவத்தைத் தோல்வியோடு தொடங்கிய அணிகளில் இதைவிட நீண்ட வரிசை அமெரிக்கன் லீக்கில் கிடையாது.

ஊர் திரும்பிய முதல் இரவில், 1 வெற்றி, 23 தோல்வி என்று நின்ற அணியைப் பார்க்க மெமோரியல் ஸ்டேடியத்தில் 50,000-க்கும் மேற்பட்டவர்கள் கூடினார்கள். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் இன்றும் அந்த இரவைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார். 1983-இல் வேர்ல்ட் சீரிஸ் வென்றதை அவ்வளவு பேசுவதில்லை.

அடுத்த ஆண்டு நடந்ததைத்தான் மேலாளராக ராபின்சனின் உண்மையான அளவுகோலாக நான் கொள்கிறேன். எடி முர்ரே என்ற பெரிய மட்டையாளரை நிர்வாகம் டிசம்பரில் டாட்ஜர்ஸுக்குக் கொடுத்துவிட்டது. எஞ்சியவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள்: கிரெக் ஓல்சன், பாப் மிலாக்கி, கிரெய்க் வொர்திங்டன், ஸ்டீவ் பின்லி. இவர்களை நம்பி அவர் விளையாட்டின் போக்கையே மாற்றினார். வேகமாக ஓடுவோரை வெளிக்களத்தில் நிறுத்தினார். பந்து தடுப்பு மேம்பட்டதும் நடுத்தரமான பிட்சர்கள்கூட வெல்லத் தொடங்கினார்கள். ஜெப் பலார்ட் 18 ஆட்டங்களில் வெற்றி தேடித் தந்தார். 54-107 என்று முடித்த அணி ஒரே ஆண்டில் 87-75 ஆனது. பருவத்தின் கடைசி வாரயிறுதிக்கு டொரான்டோ சென்றபோது ஓரியோல்ஸ் ஒரே ஓர் ஆட்டம்தான் பின்தங்கியிருந்தது.

அந்தத் தொடரில் எதிரணியின் மேலாளர் சிட்டோ கேஸ்டன். பிரிவுப் பட்டத்துக்காக இரண்டு கறுப்பின மேலாளர்கள் நேருக்கு நேர் நின்றது அதுவே முதல் முறை. வெள்ளிக்கிழமை ஓரியோல்ஸ் 1-0 என முன்னிலையில் இருந்தது. ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் ஓல்சன் வீசிய ஒரு பந்து, மட்டையாளருக்குப் பின்னால் நிற்கும் கேட்சரின் கைக்கு எட்டாமல் போய் ஆட்டம் சமனானது. பதினோராவது இன்னிங்ஸில் டொரான்டோ வென்றது. சனிக்கிழமை வீச வேண்டிய பீட் ஹார்னிஷ் முந்தைய இரவு நடந்து செல்கையில் ஆணியை மிதித்துவிட்டார். அவருக்குப் பதிலாக டேவ் ஜான்சனை ராபின்சன் இறக்கினார். ஜான்சன் 3-1 என்ற முன்னிலையோடு எட்டாவது இன்னிங்ஸ் வரை அணியைக் கொண்டுபோனார். அந்த இன்னிங்ஸில் டொரான்டோ மூன்று ரன்கள் எடுத்து 4-3 என்று வென்று பட்டத்தைக் கைப்பற்றியது. அமெரிக்கன் லீக்கின் ஆண்டின் சிறந்த மேலாளர் விருது ராபின்சனுக்குக் கிடைத்தது.

எண்ணும் எழுத்தும் அவர்கள் கேட்ட முதலிடம் இவ்வளவு அருகில் வந்துதான் கை நழுவியது. ஆணி குத்தியதற்கும் ஒரு பந்து தவறியதற்கும் மேலாளரைப் பொறுப்பாக்குவது எந்தக் கணக்கில் சேரும்?

எண்ணும் எழுத்தும்

1989 மிகச் சிறந்த பருவம். அதை எவரும் மறுக்க முடியாது. ஆனால் ஒரே பருவத்தைக் கொண்டு 16 பருவங்களையும் உயர்த்திவிட முடியாது. அதற்கடுத்த ஆண்டு அதே இளைஞர்களோடு 76-85; 1991 மே மாதம் 13-24 என்றிருந்தபோது அவர் நீக்கப்பட்டார். இளம் அணிகள் எதிர்பாராமல் ஒரு பருவம் உயர்ந்து மறுபடி இறங்குவது பேஸ்பாலில் அடிக்கடி நடப்பதுதான்.

வீரர்களின் மனம் பற்றிய என் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. 2006 மே மாதம் அவர் நடத்திய வாஷிங்டன் அணியில் வழக்கமான கேட்சர்களுக்குக் காயம் ஏற்பட்டதால் மேட் லெக்ராய் கேட்சராக நின்றார். ஹூஸ்டன் ஆட்டக்காரர்கள் ஏழு முறை தளங்களைத் திருடினார்கள், அதாவது பந்து வீசப்படும் கணத்தில் ஓடி அடுத்த தளத்தைப் பிடித்தார்கள். அவர்களைத் தடுக்க லெக்ராய் எறிந்த பந்துகள் இரண்டு முறை குறி தவறின. ஏழாவது இன்னிங்ஸின் நடுவில், எல்லோர் கண் முன்னாலும் ராபின்சன் அவரை வெளியே அழைத்துக்கொண்டார். இன்னிங்ஸ் முடியும்வரை காத்திருப்பதுதான் அங்கே வழக்கம். அணியை நடத்துவதில் அவருக்கு இருந்த கடுமைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

தூரத்துமின்னல்

இதுவரை எவரும் மான்ட்ரியலைத் தொடவில்லை. ராபின்சனின் மேலாளர் வாழ்க்கையில் மிகுந்த அநீதி நடந்த இடம் அதுதான் என்பதால் நான் எழுதுகிறேன்.

2001 நவம்பரில் அணி உரிமையாளர்கள் கூடி இரண்டு அணிகளையே கலைத்துவிடுவது என்று வாக்களித்தார்கள். அந்த இரண்டில் ஒன்று மான்ட்ரியல் எக்ஸ்போஸ் என்பது ஊரறிந்த செய்தியாக இருந்தது. அதன் உரிமையாளர் ஜெப்ரி லோரியா அணியை விற்றுவிட்டு புளோரிடா மார்லின்ஸை வாங்கிக்கொண்டு போனார். போகும்போது அலுவலகப் பணியாளர்கள், பயிற்சியாளர்கள் எனப் பலரையும் தன்னோடு அழைத்துச் சென்றார். எக்ஸ்போஸை வாங்கியது மேஜர் லீக் பேஸ்பால் நிறுவனமே. அதாவது, மற்ற 29 அணிகளின் உரிமையாளர்கள் சேர்ந்து, தங்களோடு மோதும் ஓர் அணியைக் கூட்டாக வைத்திருந்தார்கள். அந்த அணியின் வெற்றியால் அவர்களுக்கு ஒரு காசு ஆதாயம் இல்லை. அதற்குச் செலவு செய்வது அவர்களுக்கு வீண். இத்தகைய அணிக்கு 2002 பிப்ரவரியில், லீக் நிறுவனத்தில் வீரர்களின் ஒழுங்கு நடவடிக்கைகளைக் கவனிக்கும் உயர் பதவியில் இருந்த 66 வயது ராபின்சனை மேலாளராக அனுப்பினார்கள். ஓராண்டுக்கான ஏற்பாடு என்றே தொடங்கியது. ஐந்து ஆண்டுகள் நீண்டது.

கலைக்கப்படும் என்று எல்லோரும் நம்பிய அணி 2002-இல் 83-79 என்று முடித்தது. விளாடிமிர் கெர்ரேரோ 39 ஹோம் ரன்கள் அடித்து 40 தளங்களைத் திருடினார். அந்த ஆண்டு நடுவிலேயே, அணிக்கு எதிர்காலமே இல்லை என்று கருதிய நிர்வாகம், கிராடி சைஸ்மோர், கிளிப் லீ, பிராண்டன் பிலிப்ஸ் ஆகிய மூன்று இளைஞர்களை பார்டோலோ கொலோனுக்காகக் கொடுத்துவிட்டது. மூவரும் பின்னர் ஆல் ஸ்டார் ஆட்டக்காரர்கள் ஆனார்கள்.

2003-இல் வருமானத்துக்காக எக்ஸ்போஸின் சொந்த ஊர் ஆட்டங்களில் 22-ஐ போர்ட்டோ ரிக்கோவின் சான் வானுக்கு மாற்றினார்கள். மான்ட்ரியலில் வீடு எடுத்துத் தங்கியிருந்த ஆட்டக்காரர்களுக்குச் சொந்த ஊர் ஆட்டமும் வெளியூர்ப் பயணம் ஆனது. இத்தனைக்கும் பிறகு ஆகஸ்டு இறுதியில் அந்த அணி, பிரிவில் முதலிடம் பெறாத அணிகளில் சிறந்ததற்குக் கிடைக்கும் ஒயில்டு கார்டு இடத்துக்கான போட்டியில் முன்வரிசையில் இருந்தது. செப்டம்பரில் எல்லா அணிகளும் கீழ்நிலை அணிகளிலிருந்து கூடுதல் ஆட்டக்காரர்களை வரவழைத்துக்கொள்ளும்; களைத்தவர்களுக்கு ஓய்வு கொடுக்க அதுதான் வழி. எக்ஸ்போஸுக்கு மட்டும் செலவைக் காரணம் காட்டி அது மறுக்கப்பட்டது. பட்டத்துக்குப் போட்டியிடும் அணியின் மேலாளருக்கு, அவரை நியமித்த நிறுவனமே ஆட்களைத் தர மறுத்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பருவமும் 83-79 என்றே முடிந்தது.

கெர்ரேரோ விலகிப்போன பிறகு வந்ததுதான் 2004-இன் 95 தோல்விகள். 2005-இல் அணி வாஷிங்டனுக்கு இடம் மாறி நேஷனல்ஸ் ஆனது. 1971-க்குப் பின் தலைநகருக்கு பேஸ்பால் திரும்பிய அந்தப் பருவத்தின் முதல் பாதியில் 50 வெற்றி, 31 தோல்வி என்று பிரிவின் உச்சியில் நின்றது. இரண்டாம் பாதியில் அதற்கு நேர்மாறாக 31-50. மொத்தம் 81-81. வீழ்ச்சி உண்மைதான், ஆனால் சொந்த உரிமையாளரே இல்லாத அணியை இவ்வளவு காலம் பட்டப் போட்டியில் வைத்திருப்பதும் மேலாளரின் வேலைதான் என்பதை மறுப்பவர்கள் விளக்க வேண்டும்.

இளவேனில்

லெக்ராய் நிகழ்ச்சியின் மறுபாதியை எண்ணும் எழுத்தும் சொல்லவில்லை. அந்த ஆட்டத்தை வாஷிங்டன் 8-5 என்று வென்றது. ஆட்டம் முடிந்து பத்திரிகையாளர்களிடம் பேசும்போது 70 வயது ராபின்சன் அழுதார். அந்த ஆட்டக்காரரை எல்லோர் முன்னிலையிலும் வெளியே அழைக்க நேர்ந்த வருத்தம் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. லெக்ராயோ மேலாளர் மேல் குறை சொல்லவில்லை. தன் தந்தையே மேலாளராக இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார் என்ற கருத்தில் பேசினார். அணி வெல்ல வேண்டும் என்பதற்காகச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, அதன் வலியை மறைக்காமல் நின்றவரை, பிறர் மனம் புரியாதவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. 1956-இன் ராபின்சனுக்கும் 2006-இன் ராபின்சனுக்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கடக்க வைத்தது மேலாளர் வேலைதான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு கோணமும் உண்டு. கறுப்பின மேலாளர்களுக்கு அன்று கிடைத்த அவகாசம் மிகக் குறைவு. இரண்டாவதாக வந்த லாரி டோபிக்கு 1978-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 87 ஆட்டங்கள் மட்டுமே கொடுத்தது. மூன்றாமவர் மாரி வில்ஸ் 1980-81-இல் சியாட்டிலில் ஒரு முழுப் பருவம்கூட நிலைக்கவில்லை. இருவருக்கும் மறுவாய்ப்பு என்பதே வரவில்லை. ராபின்சன் ஒருவர்தான் நீக்கப்பட்ட பின்பும் மீண்டும் மீண்டும் அழைக்கப்பட்டார். 1981-இல் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அவரை நியமித்தபோது நேஷனல் லீக்கின் முதல் கறுப்பின மேலாளர் என்ற இடமும் அவருக்கே ஆனது. ஆனால் ஒவ்வொரு அழைப்பும் நொந்துபோன அணியிடமிருந்துதான் வந்தது. வெல்லும் நிலையில் இருந்த அணி எதுவும் அவரைத் தேடி வந்ததில்லை.

எண்ணும் எழுத்தும்

தூரத்துமின்னல் எழுதிய மான்ட்ரியல் வரலாற்றுக்குப் பிறகு, 2002 முதல் 2004 வரையிலான பருவங்களை அவர் மீது சுமத்துவது சரியல்ல என்பதை ஏற்கிறேன். 1988-உம் அப்படியே. சான் பிரான்சிஸ்கோவில் மட்டும் என் மறுப்பு நிற்கிறது. நான்கு பருவங்கள், இயல்பான உரிமையாளர், நல்ல ஆட்டக்காரர்கள். 1982-இல் 87-75 என்று கடைசி நாட்கள் வரை போட்டியில் இருந்த அணி, 1983-இல் 79-83 ஆகி, 1984 ஆகஸ்டில் 42-64 என்ற நிலைக்கு இறங்கியது ஏன்? இதற்கு நிர்வாகத்தைக் காரணம் காட்ட முடியுமா?

இளவேனில்

பெரும்பகுதிக்கு முடியும் என்றே சொல்வேன். 1982-இன் கடைசி நாளில் டாட்ஜர்ஸைப் பட்டப் போட்டியிலிருந்து வெளியேற்றிய ஹோம் ரன்னை அடித்தவர் ஜோ மோர்கன். அணியின் குரலாகவும் மூளையாகவும் இருந்த அவரையும், ஆட்டத்தின் நடுவே மாற்றாக வந்து வீசும் பிட்சர் ஆல் ஹாலண்டையும் அதே டிசம்பரில் நிர்வாகம் பிலடெல்பியாவுக்குக் கொடுத்துவிட்டது. அந்த ஆண்டு முதல் தளத்தில் நின்று நன்றாக ஆடிய ரெஜி ஸ்மித் ஜப்பானுக்குப் போய்விட்டார். மோர்கனும் ஹாலண்டும் சென்ற பிலடெல்பியா 1983-இல் நேஷனல் லீக் பட்டத்தை வென்றது. 1984-இல் ஜாக் கிளார்க் காயத்தால் பருவத்தின் பெரும்பகுதியை இழந்தார்.

ஆனால் 1984-இல் அணிக்குள் ஒற்றுமை குலைந்திருந்தது என்பதும், அதைச் சரிசெய்ய ராபின்சனால் இயலவில்லை என்பதும் உண்மை; அந்த அளவுக்கு உங்கள் மறுப்பை ஏற்கத்தான் வேண்டும். அவர் நீக்கப்பட்ட பிறகும் அணி தேறவில்லை. அடுத்த ஆண்டு, 1985-இல், வேறு மேலாளர்களின் கீழ் ஜயண்ட்ஸ் 62-100 என்று முடித்தது.